ஆச்சா மரப் புஷ்ஷும் மூடி போட்ட பானையும்

போன மாதம் சேந்தமங்கலம் சந்தைக்குப் போய்விட்டு பஸ்ஸில் மலை ஏறிக்கொண்டிருந்தேன். விற்காத பலாப்பழம் ஒன்று மடியில். எனக்கு எப்போதும் டிரைவருக்குப் பின்சீட்டுதான் வேண்டும். ஆள் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளலாம் பாருங்கள். பாதி மலையில் ஒரு கொண்டைஊசி வளைவு. டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்பினார். வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பியது. அந்தக் கொஞ்சத்தை நான் விடவில்லை.

"ஏனுங் தம்பி, உங்க வண்டில ஆட்டம் இருக்குதுங்க. நீங்க திருப்பினதுக்கப்புறம் ஒரு விரக்கடை சும்மா சுத்துது."

"அம்மாயி, நீங்க பலாப்பழத்தைப் புடிச்சிக்கிட்டு உக்காருங்க. புஷ் தேஞ்சிருக்குது, மாத்தோணும்னு ஆபீசுல சொல்லியாச்சு."

"புஷ்ஷா? நான் புஷ் கடைஞ்சவ கண்ணு. அதுவும் கப்பலுக்கு."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பின்னால் ஒருத்தன், "கொல்லிமலைக்குக் கப்பல் எந்தப் பக்கமாப் போவுது அம்மாயி?" என்று கேட்டான். எனக்கு ஒரே சந்தோஷம். இப்படி யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். மேலே போய்ச் சேரும்வரை சொன்னேன். அதைக் கேட்ட டிரைவர் தம்பி, தன்னோடு வேலை செய்கிற மெக்கானிக் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு ஊட்டுக்கே வந்துவிட்டார். அவர்கள்தான் இதை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். நான் மலைப்பேச்சில் சொல்வதை அவள் புத்தகத் தமிழாக்குகிறாள். சொன்னதைத்தான் எழுதுகிறாளா என்று ஒவ்வொரு பக்கத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்கிறேன். இரண்டு இடத்தில் பிடித்தும்விட்டேன்.

என் கதைக்கு வருகிறேன். வெள்ளைக்காரன் காலம். எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. அரியூர் நாட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டம் இருந்தது. தோட்டத்துக்கு ஒரு துரை. காப்பிப் பழம் தோலுரிக்கும் மெஷின் ஷெட்டை ஒட்டி ஒரு கடைசல் பட்டறை. மெஷின் தண்டு சுழலுகிற இடத்தில் தேய்மானத்துக்கு ஒரு வளையம் போடுவார்கள். அதுதான் புஷ். தண்டு தேயாமல் அது தேயும். தேய்ந்தால் கழற்றி எறிந்துவிட்டு வேறு போடலாம். எங்கள் பட்டறையில் அதை ஆச்சா மரத்தில் கடைவோம். அடிவாரத்துக் காட்டில் கிடைக்கிற மரம், இரும்பு மாதிரி கனம், கோடாலி போட்டால் கோடாலிதான் வாய் மழுங்கும்.

அந்தக் கடைசலுக்கு மோட்டார் கிடையாது. இரண்டு முனைக்கு நடுவில் மரத்தை மாட்டி, அதன்மேல் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு ஆள் முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். மரம் சுழலும். இன்னொரு ஆள் உளியைப் பிடிப்பார். கயிறு இழுத்தது என் வீட்டுக்காரர். விஷக் காய்ச்சலில் அவருக்குக் கை நடுக்கம் கண்டது. நடுங்குகிற கை கயிறு இழுத்தால் மரமும் நடுங்கும். அதனால் அவர் காட்டு வேலைக்குப் போனார், நான் கயிற்றுக்கு வந்தேன். காப்பிக் காட்டில் அட்டைக்கடியில் பழம் பறித்துக்கொண்டிருந்தவளுக்கு நிழலில் உட்கார்ந்து வேலை என்றால் சும்மாவா?

உளி பிடித்தவர் மேஸ்திரி. மலைக்குக் கீழே, சமவெளிப் பக்கத்து ஆள். வயது அறுபது இருக்கும், முழங்கை வரை மரத்தூள் ஒட்டிய தலைப்பாகைக்காரர். அவர் யாரையும் நம்பமாட்டார். சாயங்காலம் பட்டறையைப் பூட்டும் முன் ஒவ்வொரு உளியையும் தொட்டுத் தொட்டு வைப்பார். ஒரு வேலை நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்டால் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லமாட்டார். துளைக்குள் கட்டைவிரலை விட்டு ஒரு திருகு திருகி, விரலை மோந்து பார்த்து, தரையில் வைத்துவிடுவார். அவ்வளவுதான் தீர்ப்பு. நல்லதைக் கால்மாட்டில் வைப்பார், கெட்டதை அடுப்புப் பக்கம் வைப்பார். கொஞ்ச நாள் பழகினால்தான் எது எந்தப் பக்கம் என்று தெரியும்.

நான் தொழிலைப் பார்த்துக் கற்றுக்கொண்டுவிடுவேன் என்று அவருக்குப் பயம். உளி தீட்டும்போது முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார். ஆனால் சாணைக்கல்லுக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்ததே. அதில் அவர் கை இரண்டும் தெரியும். மூன்று வருஷம் அந்தத் தொட்டியைப் பார்த்தேன். உளியை எந்தச் சாய்வில் பிடிக்கிறார், துளைபோடும் தமரை எத்தனை சுற்றுக்கு ஒருதரம் வெளியே இழுக்கிறார், எல்லாம் எனக்குத் தண்ணீரில் தெரிந்தது. மத்தியானம் அவர் சாப்பிடப் போனதும் உடைந்த உளியை எடுத்துத் துண்டு மரத்தில் பழகுவேன். கயிற்றின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் கட்டிக்கொள்வேன். சிரிக்காதீர்கள், முடியும்.

ஒன்றே ஒன்றுதான் தெரியவில்லை. மூலையில் மூடி போட்ட ஒரு பானை. கடைந்த புஷ்ஷைத் துளை பெரிதாக்காமலே அதற்குள் போட்டு மூடி, மேலே கல்லை வைத்துவிடுவார். எட்டு நாளோ பத்து நாளோ கழித்து எடுத்து, மறுபடி துளையைச் செதுக்குவார். என்னமோ மருந்து வைத்திருக்கிறார், இல்லை மந்திரம் போட்ட தகடு வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். கல்லை நகர்த்தினால் அவருக்குத் தெரிந்துவிடும். கல்லைச் சுற்றி மரத்தூளைத் தூவி வைத்திருப்பார்.

இதற்கு நடுவில்தான் துரை படகு கொண்டுவந்தார். காப்பி கழுவத் தண்ணீர் வேண்டும் என்று ஓடைக்குக் குறுக்கே கரை போட்டு ஓர் ஏரி கட்டியிருந்தார்கள். துரைக்கு அதில் பாய் கட்டி ஓட்ட ஆசை. ரோடு இல்லாத காலம். பன்னிரண்டு பேர் படகைக் கவிழ்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு மூன்று நாள் ஏறினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய ஆமை ஒன்று இருபத்துநாலு காலோடு மலை ஏறுவது போல இருந்தது. குண்டனி நாட்டிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்தார்கள். என் மாமியாருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "மலையே முழுகற மழை ஒண்ணு வரப்போவுது, அது துரைக்கு மட்டும் தெரியும். இல்லாட்டி எதுக்குடி மலைக்குப் படகு?" என்றார். அந்த வருஷம் நாங்கள் விதைச் சாமையைப் பரண்மேல் ஏற்றிக் கட்டினோம்.

படகு ஒரு வருஷம் நன்றாக ஓடியது. பிறகு சுக்கான் ஆட ஆரம்பித்தது. படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் ஒரு பலகை தொங்கும், அதைத் திருப்பினால் படகு திரும்பும், அதுதான் சுக்கான். பலகையில் இரண்டு இரும்பு ஆணிகள், கீழ்நோக்கி இருக்கும். படகில் இரண்டு இரும்பு வளையங்கள். ஆணி வளையத்துக்குள் இறங்கி உட்காரும். நடுவில் பித்தளைப் புஷ். அந்தப் பித்தளை தேய்ந்து, உழக்குக்குள் விரலை விட்ட மாதிரி ஆணி ஆடியது. உலகச் சண்டை நடந்த காலம். பித்தளைக்கு எழுதிப் போட்டால் எப்போது வருமோ தெரியாது. மரத்தில் செய்ய முடியுமா என்று துரை கேட்டு அனுப்பினார். கேட்டு வந்தவர் பட்லர். துரை பங்களாவுக்கும் எங்களுக்கும் நடுவில் பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவருகிறவர் அவர்தான்.

"பத்து நாளாவும்," என்றார் மேஸ்திரி.

"ஞாயித்துக்கெழம வெருந்தாளி வாராங்க. நாலு நாள்தான் இருக்குது," என்றார் பட்லர்.

"பத்து நாளாவும்."

 இரண்டு சின்னப் புஷ்ஷுக்குப் பத்து நாளா? வேண்டுமென்றே இழுக்கிறார், தன்னை விட்டால் ஆள் இல்லை என்று துரைக்குக் காட்டுகிறார் என்று தோன்றியது. வாய் சும்மா இருக்கவில்லை.

"ரெண்டு நாள்ல நான் செஞ்சு தாரேனுங்க," என்றேன்.

பட்லர் சிரித்தார். மேஸ்திரி சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் மூன்று வருஷமும் அவருக்குப் புரிந்துவிட்டது. நல்ல உளியை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"செய்யி புள்ள," என்றார். "கவுறு நான் இழுக்கறேன்."

இவ்வளவு சுலபமாகக் கொடுக்கிறாரே, எங்கே குழி வெட்டுகிறார் என்று அதற்கும் சந்தேகப்பட்டேன். ஆனால் உளி கைக்கு வந்துவிட்டது. கடைந்தேன். அவர் ஒரே சீராக இழுத்தார், நான் இழுத்ததைவிட நன்றாக. வெளிப்பக்கம் வளையத்தில் மரச்சுத்தியால் தட்டி ஏற்றும்படி இறுக்கமாக வைத்தேன். துளையை ஆணிக்குச் சரியாக வைத்தேன். சரியாக என்றால், தலைமுடி நுழைய இடமில்லாமல். எங்கள் மலையில் மண்வெட்டிக்குப் பிடி போட்டாலும், களைக்கொத்துக்குப் பிடி போட்டாலும் அப்படித்தான். மரம் இரும்பைக் கவ்விப் பிடிக்க வேண்டும். ஆட்டமில்லாததுதான் வேலை. மேஸ்திரி கட்டைவிரலை விட்டுத் திருகினார், மோந்து பார்த்தார். காலுக்குப் பக்கத்திலும் வைக்கவில்லை, அடுப்புப் பக்கமும் வைக்கவில்லை. என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"பானையில போடலியா?" என்று மட்டும் கேட்டார்.

"உங்க பானை எனக்கு எதுக்குங்க?" என்றேன்.

சனிக்கிழமை மாட்டினோம். சுக்கான் வெண்ணெயில் கத்தி போலத் திரும்பியது. துரை தானே திருப்பிப் பார்த்து, பட்லர் மூலமாக, இனி பட்டறையில் எனக்கும் ஓர் உளி என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்கு நான் நடந்து ஊட்டுக்குப் போகவில்லை, மிதந்துதான் போனேன்.

ஞாயிறு காலை. ஏரிப்பக்கம் போனேன். என் வேலையை இன்னொருதரம் பார்க்க ஆசை. அங்கே மேஸ்திரி குந்தி உட்கார்ந்திருந்தார். ஒரு கை முழங்கை வரை தண்ணீருக்குள், படகின் பின்பக்கம். என்னைக் கண்டதும் கையை உருவிக்கொண்டு எழுந்து, பங்களாப் பக்கம் நடந்தார்.

மத்தியானம் துரையும் விருந்தாளிகள் இரண்டு பேரும் ஏறினார்கள். கரையில் பாதித் தோட்டமே நின்றது. நல்ல காற்று. ஏரி நடுவுக்குப் போனதும் துரை படகைத் திருப்பப் பார்த்தார். சுக்கான் அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். அசையவில்லை. அந்த ஏரிக்கு ஒரு பக்கம் கலிங்கு உண்டு. மிச்சத் தண்ணீர் அதன் வழியாக வழிந்து நேரே பள்ளத்தில் விழும். பள்ளம் என்றால், கீழே விழுந்த மாட்டின் மணிச்சத்தம்கூட மேலே வராது. காற்று படகை அந்தப் பக்கமாகத் தள்ளியது. துரை பாயை அறுத்து இறக்கினார். அப்படியும் படகு போய்க்கொண்டே இருந்தது. கலிங்குக்கு நாலு முழம் முன்னால் ஒரு பாறையில் முட்டி நின்றது. ஆட்கள் இறங்கிக் கயிறு போட்டு இழுத்தார்கள். யாருக்கும் அடியில்லை. விருந்தாளியின் தொப்பி மட்டும் பள்ளத்துக்குப் போயிற்று.

துரை கரைக்கு வந்து நின்றார். முகம் சிவந்து கிடந்தது. பட்லர், "என்ன புள்ள பண்ணி வெச்சே?" என்றார்.

எனக்கு யோசிக்கவே நேரம் வேண்டியிருக்கவில்லை. பதில் காலையிலேயே தயாராக இருந்தது.

"நான் செஞ்சது நேத்து நல்லாத்தானுங்க திரும்புச்சு. காலைல மேஸ்திரி தண்ணிக்குள்ள கைய உட்டு என்னமோ பண்ணிக்கிட்டிருந்தாருங்க. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். கை விட்டாயா என்று பட்லர் கேட்டார். "உட்டேன்," என்றார். எதற்கு என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. தலைப்பாகையைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு நின்றார். புதன்கிழமை சந்தைக்குச் சுமை இறங்குகிறபோது இவனும் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார். மேஸ்திரிக்குக் கீழே நிலமும் இல்லை, ஊடும் இல்லை. அறுபது வயதில் எந்தப் பட்டறை அவரைச் சேர்க்கும்? அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு என் மனசில் நியாயம் கிடைத்த சந்தோஷம்தான் இருந்தது.

திங்கட்கிழமை படகிலிருந்து வளையங்களோடு சேர்த்தே சுக்கானைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லி, கீழ்ப் புஷ்ஷை வளையத்தோடு எடுத்தேன். ஆணி கல் மாதிரி பிடித்திருந்தது. மரச்சுத்தியால் ஏழெட்டுத் தட்டு. உள்ளே மணலோ ஆப்போ வைத்திருப்பார் என்று தேடினேன். ஒன்றும் இல்லை. அரக்கு வைத்திருப்பாரோ என்று நக்கிக்கூடப் பார்த்தேன். அதையும் சுக்கானிலிருந்து கழற்றிய ஆணியையும் வீட்டுக்குக் கொண்டுபோய், சாட்சிக்கு இருக்கட்டும் என்று கூரை இறவாரத்தில் வெயில் படுகிற இடத்தில் வைத்தேன்.

புதன்கிழமை விடிந்ததும் அதை எடுத்து ஆணியை விட்டுப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. வந்தது. போயிற்று. சனிக்கிழமை மாதிரியே. யார் மந்திரத்தை எடுத்தது என்று திகைத்து நிற்கிறேன், முற்றத்தில் என் வீட்டுக்காரர் தண்ணீர்ப் பானைக்குள் மண்வெட்டியைத் தலைகீழாக இறக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"புடி ஆடுது புள்ள. கொஞ்சம் ஊறட்டும். ஊதிக் கவ்விக்கும்."

பிறந்ததிலிருந்து பார்க்கிற வேலை. எங்கள் மலையில் குழந்தைகூடச் செய்யும். பிடி ஆடினால் தண்ணீரில் போடு, மரம் ஊதும், இரும்பைக் கவ்வும். நான் புஷ்ஷை அந்தப் பானையிலேயே போட்டேன். அடுப்பில் கூழ் காய்ச்சி இறக்கி, சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்து ஆணியை விட்டேன். பாதியில் நின்றது. வெளியே இரும்பு வளையம் இருக்கும்போது மரம் எந்தப் பக்கம் ஊதும்? உள்பக்கம்தான். தலைமுடிக்கு இடம் விடாமல் செய்தவள் நான். மண்வெட்டிக்குப் பிடி போடுகிற மாதிரி படகுக்குப் புஷ் போட்டவள் நான். ஊரில் அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேன். என் கையை ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

சுமைக்காரர்கள் இறங்கும் நேரம். பங்களாவுக்கு ஓடினேன். புஷ், ஆணி, ஒரு சொம்புத் தண்ணீர். பட்லர் வாசலில் மறித்தார். "தொரை சாப்புடறாரு, அப்புறம் வா."

"அப்புறம்னா மேஸ்திரி கீழ போயிருப்பாருங்க," என்று அவர் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போய்விட்டேன். துரைக்கு என் பேச்சுப் புரியாது, எனக்கு அவர் பேச்சுப் புரியாது. பேசவில்லை. ஈரப் புஷ்ஷில் ஆணி நிற்பதைக் காட்டினேன். அடுப்பங்கரைக்குப் போய், அனலில் காட்டி உலர்த்திக் கொண்டுவந்து ஆணி ஓடுவதைக் காட்டினேன். அதற்குள் துரையின் முட்டை ஆறிப்போயிற்று. பிறகு என் நெஞ்சைத் தட்டிக் காட்டினேன். நான். மேஸ்திரி இல்லை.

துரை நெடுநேரம் அந்த ஆணியைத் தானே விட்டு விட்டு எடுத்தார். பிறகு பட்லரிடம் ஏதோ சொன்னார். மேஸ்திரி இருக்கலாம். நான் மறுபடி காப்பிக் காட்டுக்குப் போக வேண்டும். உளி கிடையாது.

போகட்டும் என்று ஓடினேன். இறக்கத்தில் மூன்றாவது திருப்பத்துச் சுமைதாங்கிக் கல்லில் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு மூட்டை. மடியில் அந்தப் பானை, மூடியோடு.

"ஏனுங், நில்லுங்க. தொரை இருக்கச் சொல்லிட்டாரு. தப்பு என்னுதுங்க. மரம் ஊதிக்கிச்சு."

"தெரியும்," என்றார்.

"தெரியுமா? தெரிஞ்சுமா அன்னிக்குக் கரைல வாயத் தொறக்காம நின்னீங்க?"

"காலைலயே கைய உட்டுப் பாத்தேன், கவ்வ ஆரம்பிச்சிருச்சு. பட்லர்கிட்டப் போயி இன்னிக்கு ஓட்ட வேண்டாம்னு சொன்னேன். பொம்பள உளி புடிச்சிட்டான்னு வயித்தெரிச்சலான்னு கேட்டான். அதுக்கப்பறம் யாருகிட்டச் சொல்ல?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க."

"சொன்னா நீ நம்பியிருப்பியா?"



அவர் பானையை என்னிடம் கொடுத்து எழுந்தார். "புடி. கவுறு இழுக்க வேற ஆளு எனக்கு ஆவாது. காப்பிக் காட்டுக்குப் போவச் சொன்னான்னா, நானும் எறங்கறேன்னு அந்தப் பட்லர்கிட்டச் சொல்லு." அவ்வளவு பேச்சை ஒரே மூச்சில் அவர் பேசி நான் கேட்டதில்லை. சொன்னேன். பட்லர் முகம் சுளித்துக்கொண்டே போய்ச் சொன்னார். துரை சரி என்றார். இருவரும் திரும்பப் பட்டறைக்குள் போனோம்.

பானைக்குள் இரண்டு புஷ் இருந்தது. துரை கேட்ட அன்றைக்கு ராத்திரியே, நான் ஊட்டுக்குப் போன பிறகு, கயிற்றைத் தன் காலில் கட்டிக்கொண்டு அவர் கடைந்து போட்டது. பத்து நாள் முடிந்ததும் எடுத்து, ஊதினது ஊதினபடி ஈரமாகவே துளையைச் செதுக்கினார். ஆணிக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு சோளத்தோகை நுழைய இடம் விட்டார். முதுகைக் காட்டவில்லை. தொட்டியைப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு அன்றோடு போயிற்று.

மாட்டிய அன்று துரை ஏறும்போது மேஸ்திரி குறுக்கே போய் நின்றார்.

"செஞ்சது நானுங்க. சந்தேகப்படறவ இவ. மொதல்ல இவ ஏறிப் பாக்கட்டும்."

துரைக்கு அது பிடித்துப்போய்ச் சிரித்தார். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறினேன். வாழ்க்கையில் தொட்டிலுக்குப் பிறகு அப்படி ஆடினது அன்றைக்குத்தான். ஏரி நடுவில் துரை சுக்கான் பிடியை என் கையில் கொடுத்தார். ஒரு பக்கம் தள்ளினேன், மலை விலகிப் போயிற்று. மறுபக்கம் இழுத்தேன், மலை திரும்பி வந்தது. ஆட்டம் இருக்கிறதா, பிடிப்பு இருக்கிறதா என்று விரல் நுனி வரைக்கும் தேடினேன். ஒன்றுமே அகப்படவில்லை. கலிங்குப் பக்கம் வேண்டுமென்றே போய்த் திருப்பினேன். கரையில் மாமியார் கண்ணை மூடிக்கொண்டார்.

இறங்கினதும் நேரே பட்டறைக்குப் போனேன். மேஸ்திரி இன்னும் ஏரிக்கரையில் இருந்தார். பானைக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

வெறும் தண்ணீர்.

இன்னொருதரமும் வைத்துப் பார்த்தேன்.